மணல் போன வழியே வடக்கே: ஐந்து நாள்

இரண்டு நாளில் திரும்பிவிடுவேன் என்று சொல்லித்தான் வீட்டிலிருந்து கிளம்பினேன். புதுச்சேரியில் பெரியம்மாவுக்குக் கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். பார்த்துவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான். ஐந்தாம் நாள் சாயங்காலம் எண்ணூர்க் கடற்கரையில் நின்றுகொண்டிருந்தேன். குதிகாலில் இரண்டு கொப்புளம், முழங்கையில் சிராய்ப்பு, முகமெல்லாம் கறுத்துவிட்டது. திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்த எனக்குக் கடல் என்றால் வருஷத்துக்கு ஒரு தடவை போய்க் கால் நனைக்கிற இடம். அங்கே மணல் பறிபோய் ஊர் ஊராகக் கரை அரித்துக்கொண்டிருப்பது இத்தனை வயதுக்குத் தெரியாமல் இருந்துவிட்டது. ராத்திரி ராத்திரி நோட்டில் எழுதி வைத்ததை இங்கே போடுகிறேன்.

ஜூன் 13, வியாழன்: புதுச்சேரி

கத்திரி முடிந்து இரண்டு வாரம் ஆகியும் வெயில் அடங்கவில்லை. முத்தியால்பேட்டையில் பெரியம்மா வீட்டுக்குள் நுழையும்போது மணி ஒன்றரை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, "அடுப்புக்கிட்டே போகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்று அடுப்பங்கரையிலிருந்தே குரல் கொடுத்தார். மாங்காய் போட்ட நெத்திலிக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல். விசைப்படகுகளுக்கான தடைக்காலம் நாளை நள்ளிரவோடுதான் முடிகிறது. மார்க்கெட்டில் வஞ்சிரம் கிலோ 1,300 ரூபாய் சொன்னார்களாம். சின்னப் படகுக்காரர்கள் பிடித்து வந்த நெத்திலிதான் கட்டுப்படியானது என்றார்.

ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு காந்தி சிலை வரை நடந்தேன். சுண்டல் பொட்டலம் 30 ரூபாய். விற்ற அம்மா, பெரியம்மாவின் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "காத்து படாம உக்காருங்கம்மா" என்று தன் ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

சாலைக்கும் தண்ணீருக்கும் நடுவில் கருங்கல்தான். ஒவ்வொன்றும் ஒரு பீரோ அளவு இருக்கும். அலை வந்து மோதும்போது காலுக்கடியில் அதிர்கிறது. நான் இரண்டு கல் இறங்கிப் பார்த்தேன். பாசி. வழுக்கி விழுந்ததில் வலது செருப்பு கல் இடுக்கில் இருந்த பொந்துக்குள் போய்விட்டது. பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பையன் ஓடிவந்து, "அக்கா, முதல்ல மேல வாங்க" என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, அப்புறம் தூண்டில் கழியை விட்டுத் துழாவிச் செருப்பை எடுத்தான். வார் அறுந்திருந்தது. பணம் நீட்டியபோது வாங்கவில்லை. சுண்டல் மட்டும் ஒரு கை எடுத்துக்கொண்டான்.

மேலே உட்கார்ந்து, அந்தப் பொந்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மணல் கரையில் அலை ஏறி, நுரைத்து, மணலுக்குள்ளேயே பாதி உறிஞ்சப்பட்டு, சோர்ந்துபோய்த் திரும்பும். இங்கே வந்த வேகம் குறையாமல் திரும்புகிறது. திரும்பும்போது கல்லின் அடியில் இருக்கிற மணலைப் பறித்துக்கொண்டு போகிறது. அடிமணல் போகப் போகக் கல் புதையும், மேலே இன்னொரு கல் போட வேண்டும்.

பெரியம்மா 1976-இல் கல்யாணமாகி இங்கே வந்தவர். "இந்த இடத்துல மணல்லதான்டி உக்காருவோம். உங்க பெரியப்பா முறுக்கு வாங்கிட்டு வருவாரு. அலை அதோ அங்க இருக்கும்" என்று கையை நீட்டினார். அவர் காட்டிய இடம் நடுக்கடல் மாதிரி இருந்தது. ஆனால் அவரே கல்லை விட்டுக்கொடுக்கவும் இல்லை. 2004 சுனாமி அன்று ஊருக்குள் தண்ணீர் ஏறாமல் நிறுத்தியது இந்தக் கல்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. கல் தனக்குப் பின்னால் இருப்பதைக் காக்கும் என்பது உண்மைதான்.

தலைமைச் செயலகத்துக்கு எதிரே மட்டும் ஒரு துண்டு மணல் இருக்கிறது. பிள்ளைகள் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். 2018 வாக்கில் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார் கடலுக்கடியில் ஆப்பு வடிவத்தில் ஒரு பெரிய இரும்புத் திட்டை இறக்கி, அலையின் வேகத்தைத் தணித்து, துறைமுக வாயில் தூர்வாரிய மணலையும் கொண்டுவந்து கொட்டி மீட்டெடுத்த மணல் அது. போன மணல் திரும்பி வரும் என்பதை நேரில் பார்த்தது அங்கேதான்.

ஜூன் 14, வெள்ளி: துறைமுகத்திலிருந்து குப்பங்கள் வரை

நேற்றைய பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா மகன், "வா, உனக்கு இதோட தலையைக் காட்டுறேன்" என்று ஐந்தரை மணிக்கே எழுப்பிவிட்டார். முதலில் தெருமுனையில் செருப்புத் தைக்கிறவர் கடை திறக்கக் காத்திருந்து வாரைத் தைத்துக்கொண்டேன், 40 ரூபாய். அப்புறம் அண்ணனின் பைக்கில் தெற்கே.

அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தில் இரண்டு கல் கரங்கள் கடலுக்குள் நீண்டு நிற்கின்றன. துறைமுகத்துக்காக 1986-இல் தொடங்கி 1989-இல் கட்டி முடித்தவை. தெற்குக் கரத்தை ஒட்டி மணல், மணல், அப்படி ஒரு மணல். வெள்ளையாகப் பரந்து கிடக்கிறது. நடந்து போய்த் தண்ணீரைத் தொடுவதற்குள் மூச்சு வாங்கியது. வடக்குக் கரத்தைத் தாண்டினால் உடனே கல் ஆரம்பித்துவிடுகிறது.

அண்ணன் சொன்ன கணக்கு எளிமையானது. இந்தக் கரையில் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் அலை தென்கிழக்கிலிருந்து சாய்வாக வருகிறது. சாய்ந்து வரும் அலை மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே தள்ளிக்கொண்டே போகும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடிக்கும்போது கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வருஷத்துக்கு லட்சக்கணக்கான கனமீட்டர் மணல் வடக்கு நோக்கிப் போகிறது. ஓடுகிற ஆற்றுக்கு அணை போட்ட மாதிரி, குறுக்கே கல் நீட்டியதும் அந்த மணல் தெற்கே தேங்கிவிட்டது. வடக்கே இருக்கிற கரையிலிருந்து அலை வழக்கம்போல மணலை எடுத்துக்கொண்டு போகிறது, ஆனால் எடுத்த இடத்தை நிரப்ப வரவேண்டிய மணல் வருவதில்லை. தெற்கே சேர்வதை அள்ளி வடக்கே விட வேண்டும் என்பது துறைமுகத் திட்டத்திலேயே இருந்ததாம். அது ஒழுங்காக நடக்கவில்லை. அதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. தெரிந்தே விட்டது இது.

தேங்காய்த்திட்டில் ராத்திரி கடலுக்குப் போக விசைப்படகுகள் தயாராகிக்கொண்டிருந்தன. புது பெயின்ட் வாசனை, ஐஸ் உடைக்கிற சத்தம், ஒவ்வொரு படகின் முகப்பிலும் மாலையும் எலுமிச்சம்பழமும். டீ 12 ரூபாய். அங்கிருந்து அண்ணன் என்னைக் குருசுக்குப்பத்தில் இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நான் வடக்கே நடக்க ஆரம்பித்தேன்.

வைத்திக்குப்பத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். மாசி மகத்தன்று மயிலம் முருகன் உட்பட சுற்றுப்பட்டுச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து இறங்குகிற கரை இதுதான். தேங்காய் நார் திரித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, முன்பெல்லாம் சாமிகள் வரிசையாக நிற்க மணல் போதாமல் இருந்ததே கிடையாது என்றார். இப்போது கல்லுக்கு நடுவே இறங்க இடம் பார்த்து, ஆள் மேல் ஆள் நின்றுதான் மூழ்கி எழுகிறார்களாம்.

புதுச்சேரிக் கல் முடிகிற இடத்தில் தமிழ்நாட்டின் அரிப்பு ஆரம்பிக்கிறது. கல் வரிசை எங்கே தீர்கிறதோ, அதற்கு வடக்கே உள்ள முதல் ஊரைக் கடல் பலமாகப் பிடிக்கும். அந்த ஊர் கல் கேட்கும், கிடைக்கும், அப்புறம் அடுத்த ஊர். கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று ஒவ்வொன்றாக இது ஏறிக்கொண்டே போயிருக்கிறது. தந்திராயன்குப்பத்தில் தூண்டில் வளைவுகள் போட்டிருக்கிறார்கள். கரையிலிருந்து கடலுக்குள் குறுக்கே நீட்டிய கல் கை. அதன் மேல் ஏறி நின்றால் இரண்டு பக்கத்தையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். தெற்குப் பக்கம் மணல் மேடு தட்டி, இரண்டு படகு ஏற்றி வைத்திருந்தார்கள். வடக்குப் பக்கம் கரண்டியால் வழித்தெடுத்த மாதிரி வளைந்து உள்ளே போயிருந்தது. துறைமுகத்தில் பார்த்ததே இங்கே சின்ன அளவில்.

பதினொரு மணிக்கு மேல் நடக்க முடியவில்லை. பொம்மையார்பாளையத்தை ஒட்டிய ஒரு குப்பத்தில் நிழல் தேடி ஒதுங்கினேன். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். வாசலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த அக்கா, நான் யார், எங்கிருந்து வருகிறேன் என்று கேட்பதற்கு முன்னால் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். குடித்த பிறகுதான் தெரிந்தது, அது விலைக்கு வாங்கிய கேன் தண்ணீர். கிணற்றுத் தண்ணீர் உப்பாகி ஏழெட்டு வருஷம் ஆகிறதாம்.

"கிணத்தப் பார்க்கிறியா கண்ணு?" என்று வீட்டுக்குப் பின்னால் கூட்டிப் போனார். கொல்லை என்று ஒன்று இல்லை. பத்தடியில் மணல் வெட்டிவிட்ட மாதிரி செங்குத்தாக இறங்குகிறது. கீழே, அலை வந்து போகிற இடத்தில் ஒரு கிணறு நின்றுகொண்டிருந்தது. நின்றுகொண்டிருந்தது என்றுதான் சொல்ல முடியும். சுற்றியிருந்த மண் முழுக்கப் போய்விட, சிமென்ட் உறைகள் மட்டும் ஒன்றின் மேல் ஒன்றாக என் உயரத்துக்கு மேல் தூண் போல. ஏழு உறை எண்ணினேன். மேல் உறையில் கயிறு உராய்ந்த தடம் இருந்தது, விரல் நுழையும் ஆழத்துக்கு. உறைகளுக்கு நடுவே சிப்பி ஒட்டியிருந்தது. ஒவ்வொரு அலைக்கும் உள்ளே தண்ணீர் ஏறி, இடுக்குகள் வழியாக வெளியே பீய்ச்சியது. அக்கா கல்யாணமாகி வந்த மறுநாள் இந்தக் கிணற்றில் குடம் இறக்கித் தண்ணீர் சேந்தினாராம். அப்போது இதற்கும் கடலுக்கும் நடுவில் இரண்டு தெருவும் ஒரு சவுக்குத் தோப்பும் இருந்தன.

அவருடைய மாமனார் திண்ணையில் வலை கோத்துக்கொண்டிருந்தார். எண்பதை நெருங்கும் வயது. "தெண்டி இழுத்தா மணல் வடக்கே போவும், வன்னி இழுத்தா தெக்கே வரும். எங்க அப்பன் காலத்துலேர்ந்து பார்த்துக்கிட்டிருக்கோம். எங்களைக் கேக்கலையே" என்றார். கடல் நீரோட்டத்துக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர்கள் அவை. கரைவலை பற்றிச் சொன்னார். வலையை வளைத்துப் போட்டுவிட்டு, முப்பது நாற்பது பேர் கரையில் இரண்டு கட்டாக நின்று கயிறு இழுக்க வேண்டும். பின்னாலேயே நடந்து நடந்து இழுப்பதற்கு மணல் வேண்டும். கரை போன அன்றைக்கே அந்தத் தொழிலும் போயிற்று. பிள்ளைகளின் ஃபைபர் படகை ஏற்றி வைக்கவும் இடம் கிடையாது. துறைமுகத்தில் கட்டிவிட்டு வருகிறார்கள். இன்ஜினும் வலையும் வைக்க அங்கே வாடகை, போக வர ஆட்டோ, தினம் 300 ரூபாய் அதிலேயே போகிறது.

மத்தியானம் சோறு போட்டார்கள். பழைய சோறு, சங்கராக் கருவாடு வறுவல், வடுமாங்காய். அந்த மாங்காய் தங்கை கொடுத்தனுப்பியதாம். தங்கையை வடக்கே அடுத்த குப்பத்தில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் நடந்தே போய் வருவார்களாம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்தபோது இந்தப் பக்கத்துக் குப்பங்களில் வீடுகள் கடலுக்குள் சரிந்தன. இவர்கள் தெருவிலும் விழுந்தன. அன்றைக்கு ராத்திரி தங்கை வீட்டில்தான் தங்கினார்கள்.

"கல்லு போடுங்கன்னு மனு குடுத்திருக்கோம்" என்றார் அக்கா. கல் போட்டால் மணல் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகவே தெரியும். பத்தடியில் கடல் நிற்கும்போது யாராக இருந்தாலும் கல்தான் கேட்பார்கள். அந்தப் பத்தடி வரை கொண்டுவந்து விட்டவர்களைத்தான் கேட்க வேண்டும். கிளம்பும்போது என் நம்பரை வாங்கிக்கொண்டார், நான் அவருடையதை வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 15, சனி: திருவக்கரை

இன்றைக்குத் திரும்பியிருக்க வேண்டும். அந்தக் கற்கள் எங்கிருந்து வருகின்றன என்று அண்ணனைக் கேட்டதற்கு, "வானூர்ப் பக்கம் குவாரி இருக்கு, திருவக்கரைக் கோயிலுக்குப் போற வழி" என்றார். பெரியம்மாவும் வக்கிரகாளியம்மனுக்கு விளக்குப் போட வேண்டிக்கொண்டிருந்தார். அவருக்காக நான் போகிறேன் என்று பஸ் ஏறினேன்.

பௌர்ணமி இல்லாததால் கோயிலில் கூட்டமில்லை. வாசலில் விளக்கு விற்ற பாட்டி நெய் விளக்கு 10 ரூபாய் என்றார், கண்ணுக்காக வேண்டுதல் என்றதும் இன்னொன்று சும்மாவே கொடுத்தார். கோயிலுக்குப் பக்கத்தில் கல்மரப் பூங்கா. சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் புரண்டு வந்து, மணலில் புதைந்து, கல்லாகிவிட்ட மரங்கள். கணு, வளையம் எல்லாம் அப்படியே இருக்கிறது. தட்டினால் கல். இதைப் பற்றி 1781-லேயே சொனரா என்ற ஐரோப்பிய இயற்கை ஆய்வாளர் எழுதியிருக்கிறார். காவலாளி ஒரு மரத்தைக் காட்டி, "மணல் மூடினதாலதான் மேடம் இது தப்பிச்சுது" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அந்தக் கிணறு ஞாபகம் வந்தது.

குவாரிக்குள் விடவில்லை. வெளியே நின்று பார்த்தேன். ஒரு காலத்தில் குன்றாக இருந்த இடம் இப்போது பள்ளம். அடியில் பச்சைத் தண்ணீர், அதன் ஓரத்தில் வண்டிகள் தீப்பெட்டி அளவில் தெரிந்தன. சாலையோரப் புளியமரமெல்லாம் வெள்ளைத் தூசி படிந்து நிற்கிறது. நுங்கு விற்றவரிடம் மூன்று 20 ரூபாய்க்கு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு லாரி ஓரம் கட்டியது. ஜல்லி இல்லை, முழுக் கல்லாகவே ஆறேழு. டிரைவர் இறங்கி நுங்கு கேட்டார். எங்கே போகிறது என்றேன். "கடலுக்குங்க" என்றார், ஏதோ ஊர்ப் பெயர் சொல்வதைப் போல. இந்த மாதிரி எத்தனை லோடு போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டதற்குக் கொஞ்ச நேரம் யோசித்து, "போட்டதெல்லாம் உள்ள போயிடுதுங்க. போட்ட எடத்துலயே திரும்பப் போட்டிருக்கேன்" என்றார். கையெல்லாம் சிமென்ட் நிறம். நுங்கைத் தின்று முடித்துவிட்டு, என் ஓட்டையும் சேர்த்து வாங்கி எதிரே நின்ற மாட்டுக்குப் போட்டுவிட்டுப் போனார்.

இங்கே ஒரு குன்றும் அங்கே ஒரு கரையும் போயிருக்கின்றன. கரையைக் காப்பாற்றுவதாகத்தான் இரண்டும்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பஸ் நிறுத்தக் கொட்டகையில் ஒரு மணி நேரம். போனில் தேடிப் படித்தேன். 1990 முதல் 2018 வரையிலான படங்களை வைத்துத் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் அளந்ததில், இந்தியக் கடற்கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிப்பில் இருக்கிறது. புதுச்சேரியை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிக்கு மேல். கொட்டகையில் இருந்த பள்ளிக்கூடப் பையன் ஒருவன், தன் குடையை என் பைக்கு மேல் பிடித்துக்கொண்டு, தான் நனைந்துகொண்டு நின்றான். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

ஜூன் 16, ஞாயிறு: ஆலம்பரை

சென்னையில் தோழி வீட்டில் ஒரு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் பிடித்தேன். பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு எல்லாம் ஜன்னலில் வேகமாகப் போயின. மரக்காணம் உப்பளங்களில் உப்புக் குவியல் கண்ணைக் கூசியது. கடப்பாக்கத்தில் இறங்கி, ஆட்டோவில் ஆலம்பரைக் கோட்டை. 1760-இல் ஆங்கிலேயர் இடித்துவிட்டுப் போன செங்கல் சுவர்கள் கழிமுகத்தைப் பார்த்து நிற்கின்றன. ஒரு படகுக்காரர் எதிர்க்கரை மணல் திட்டில் இறக்கிக் கூட்டி வர 100 ரூபாய் வாங்கினார்.

கல் போடாத கரை எப்படி இருக்கும் என்று நான்கு நாளில் முதல் தடவையாகப் பார்த்தேன். மணல் ஏறி ஏறி மேடாகி, மேட்டின் மேல் அடும்புக் கொடி படர்ந்து கிடக்கிறது, ஊதாப் பூ. நெய்தல் பாட்டில் வருகிற அதே அடும்பு. அதற்கும் மேலே முள் முள்ளாக ஒரு புல். "ராவணன் மீசை" என்றார் படகுக்காரர். பிடுங்கிப் பார்க்கச் சொன்னார். வரவில்லை. வேர் பக்கவாட்டில் ஓடி ஓடி மணலைத் தைத்து வைத்திருக்கிறது. புயலில் இந்த மேடு பாதி கரையுமாம், கரைந்த மணல் கடலுக்குள் திட்டாகக் கிடந்து அடுத்த அலையை உடைக்குமாம், தை மாசிக்குள் மறுபடி கரைக்கு வந்து சேர்ந்துவிடுமாம். மணல் நிறத்திலேயே இருக்கும் நண்டுகள் எங்கள் காலடிச் சத்தம் கேட்டு வளைக்குள் ஓடின. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை ஏறி முட்டை போடுகிற கரையும் இப்படிப்பட்டதுதான். நேற்று முன்தினம் நடந்து வந்த கரையில் ஓர் ஆமை ஏற நினைத்தால் எங்கே ஏறும்? கல்லில் துடுப்பை வைத்து முட்டிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

மணல் சுட்டது. அங்கேதான் கொப்புளம் வந்தது. ஆனாலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 17, திங்கள்: மெரினா, ராயபுரம், எண்ணூர்

பக்ரீத் விடுமுறை. காலையிலேயே தோழியின் பக்கத்து வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் பிரியாணி வந்தது. சாப்பிட்டுவிட்டு மெரினாவுக்குப் போனோம். சாலையிலிருந்து தண்ணீர் வரை மணலில் நடப்பதற்குள் தோழி இரண்டு தடவை நின்றுவிட்டாள். சின்ன வயதில் சுற்றுலா வந்தபோது இந்த அகலத்தைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறேன். இவ்வளவு மணல் எப்படி வந்தது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

சென்னைத் துறைமுகத்துக்கான தடுப்புச் சுவர் வேலை 1875-இல் தொடங்கியது. 1881 நவம்பரில் ஒரு புயல் அடித்து நொறுக்க, மறுபடி கட்டினார்கள். அதற்கு முன்பு செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குத் தெற்கே அலை சாலைக்குப் பக்கத்திலேயே இருந்தது. துறைமுகம் குறுக்கே வந்ததும் வடக்கே போகிற மணல் தேங்க ஆரம்பித்தது. அப்படி வந்த மணலைப் பார்த்துத்தான் 1880-களில் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாவும் சாலை அமைத்து மெரினா என்று பெயர் வைத்தார். துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம் அப்போதிருந்தே தேய்ந்துகொண்டிருக்கிறது. புதுச்சேரியில் துறைமுகம் கட்டுவதற்கு நூறு வருஷம் முன்னாலேயே இந்தப் பாடம் இதே கரையில் கண்ணெதிரே இருந்திருக்கிறது.

மத்தியானம் நான் மட்டும் வடக்கே பஸ் ஏறினேன். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர். ஜன்னல் வழியாகக் கடல் தெரிகிற இடமெல்லாம் கல். 2004-இல் இந்தப் பக்கமும் தூண்டில் வளைவுகள் போட்டார்கள். சில இடங்களில் கைகளுக்கு நடுவே கொஞ்சம் மணல் தங்கியிருக்கிறது. பையன்கள் அந்த இடத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள், பந்து கடலுக்குப் போனால் அவுட். லாரிகள் ஓயாத எண்ணூர் விரைவுச் சாலையைக் கடக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடந்தார், மறுபக்கம் போனதும் ஒன்றும் சொல்லாமல் தன் வழியே போய்விட்டார். ஒரு கடையில் இறால் வடை 15 ரூபாய். சூடாக இருந்தது.

எண்ணூரில் கல் மேல் உட்கார்ந்தேன். இதற்கு வடக்கே 2001-இல் திறந்த காமராஜர் துறைமுகம், அதை ஒட்டிக் காட்டுப்பள்ளித் துறைமுகம், அதற்கும் வடக்கே பழவேற்காடு. அங்கே கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் ஒரு மெல்லிய மணல் கரைதான் இருக்கிறது. அதுவும் அரித்துக்கொண்டிருக்கிறது என்று பக்கத்தில் வலை காயப் போட்டுக்கொண்டிருந்தவர் சொன்னார். அவருடைய மாமியார் வீடு அந்தப் பக்கம். போய்ப் பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தது. கால் முடியவில்லை, விடுப்பும் முடிந்துவிட்டது.

ஆறரை மணி இருக்கும், போன் அடித்தது. குப்பத்து அக்கா.

"கல்லு வந்துடுச்சு கண்ணு. ரெண்டு லாரி. நாளைக்கும் வருதாம்."

பின்னால் கல் சரிகிற சத்தம் கேட்டது. மாமனார் யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். கிணறு இருந்த இடத்தில்தான் முதல் லோடு கொட்டினார்கள் என்றார் அக்கா. இனி இந்த மழைக்காலத்துக்கு வீடு தாங்கும். நல்லதாகப் போயிற்று அக்கா என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. அப்புறம் கேட்டார்:

"தங்கச்சிக்கு இன்னும் சொல்லலை. நீ அந்த வழியாதானே போன? அதுங்க ஊருல கரை இப்ப எவ்வளவு இருக்குன்னு பார்த்தியா?"

பஸ்ஸில் கடந்து போனேன் அக்கா, இறங்கவில்லை என்றேன்.

"சரி கண்ணு" என்றார். பெரியவருக்குக் கஞ்சி ஊற்ற வேண்டும் என்று வைத்துவிட்டார்.